குழந்தை நலமும் பெரியவர்களின் கணக்கும்

மருந்து, தடுப்பூசி, அறுவை சிகிச்சை, பரிசோதனைக் கருவி, நோய்த்தடுப்புத் திட்டம் என நோயைத் தீர்க்கவும் தடுக்கவும் பயன்படும் அனைத்தையும் மருத்துவத் தொழில்நுட்பம் என்ற ஒரே பெயரில் அடக்கி, அது உண்மையில் பயன் தருகிறதா, அந்தப் பயன் அதற்கு ஆகும் செலவுக்கு ஈடானதா, அதே பணத்தை வேறிடத்தில் செலவிட்டால் இன்னும் கூடுதல் நன்மை விளையுமா என்று ஆராய்வது மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு எனப்படுகிறது. இதன் மையக் கருவியைத் தருவது சுகாதாரப் பொருளியல். பிரிட்டனில் 1999-இல் நிறுவப்பட்ட ‘நைஸ்’ அமைப்பு, பொதுச் செலவில் எந்தச் சிகிச்சையை வழங்கலாம் என்று பரிந்துரைக்கும்போது இத்தகைய மதிப்பீட்டையே அடிப்படையாகக் கொள்கிறது. இந்தியாவில் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017-இல் இதற்கென ஓர் அமைப்பு உருவானது.

இம்மதிப்பீட்டில் பெரும்பாலும் கையாளப்படும் அளவுகோல் ‘குவாலி’ எனப்படும் தரம் சேர்த்த வாழ்வாண்டு. முழு உடல்நலத்துடன் வாழும் ஓர் ஆண்டுக்கு 1 என்றும், இறப்புக்கு 0 என்றும், இடைப்பட்ட நோய்நிலைகளுக்கு அவற்றின் கடுமைக்கேற்ப இரண்டுக்கும் நடுவிலான ஒரு மதிப்பு என்றும் வகுத்துக்கொண்டு, ஒரு சிகிச்சை நோயாளிக்கு எத்தனை ஆண்டுகளை, எந்தத் தரத்தில் கூட்டித் தருகிறது என்று பார்ப்பார்கள். ஒரு குவாலியைப் பெற ஆகும் கூடுதல் செலவு ஒரு வரம்புக்குள் இருந்தால் சிகிச்சை ஏற்கப்படும். நைஸ் அமைப்பு நெடுங்காலம் பின்பற்றிய வரம்பு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை.

இந்த முறை முழுவதும் தன் உடல்நிலையைத் தானே சொல்லத் தெரிந்த, தன் சிகிச்சையைத் தானே முடிவு செய்கிற, உழைத்துச் சம்பாதிக்கிற ஒரு பெரியவரை மனத்தில் வைத்து வளர்ந்தது. குழந்தை இந்த மூன்றுக்கும் புறம்பானது. அதற்குத் தன் நிலையைச் சொல்லத் தெரியாது. அது பெறும் நன்மை எழுபது எண்பது ஆண்டுகளுக்கு விரிகிறது. அதன் நோய் அதனோடு நிற்பதும் இல்லை. ஆகவே குழந்தை நலத்தில் ஒரு மதிப்பீட்டின் முடிவு, சிகிச்சை எவ்வளவு பயன் தருகிறது என்பதைக் காட்டிலும், கணக்கிடுவோர் எவற்றைச் சேர்த்தார்கள், எவற்றை விட்டார்கள், யாரிடம் கேட்டார்கள் என்பதையே பெரிதும் சார்ந்துவிடுகிறது. இத்துறையின் நாற்பது ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்ப்பவருக்கு முதலில் புலப்படுவது இதுதான்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஹாமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1983-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை அப்பகுதியில் அமைப்பதற்கு முன்பும் பின்பும் பிறந்தவர்களை ஒப்பிட்டு, அந்தச் சிகிச்சை செலவுக்குத் தகுந்ததா என்று அது ஆராய்ந்தது. 1978-ஆம் ஆண்டுக் கனடா டாலர் மதிப்பில், 1,000 முதல் 1,499 கிராம் எடையில் பிறந்தவர்களில் கூடுதலாக ஓர் உயிரைக் காக்க 59,500 டாலரும், ஒரு குவாலியைப் பெற 3,200 டாலரும் செலவாயின. 500 முதல் 999 கிராம் வரையிலான குழந்தைகளிடம் இதே தொகைகள் முறையே 102,500 ஆகவும் 22,400 ஆகவும் உயர்ந்தன. இந்த இரண்டாம் பிரிவில் தரத்தைச் சேர்க்காமல் வெறும் வாழ்வாண்டை மட்டும் கணக்கிட்டால் செலவு 9,300 டாலர்தான். அதாவது 9,300 என்பது 22,400 ஆக மாறியதற்கு மருத்துவமனைச் செலவு காரணமன்று. பிழைத்த குழந்தைகளிடம் எஞ்சிய ஊனத்துக்கு அளிக்கப்பட்ட மதிப்பே காரணம்.

அந்த மதிப்பை அளித்தவர்கள் யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆய்வாளர்கள் ஹாமில்டன் பகுதியில் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளின் பெற்றோரிடம் பல்வேறு உடல்நிலைகளை விவரித்து, அவற்றை மதிப்பிடச் சொன்னார்கள். நீடித்த கடும் ஊனத்தின் சில நிலைகள் இறப்பைவிட மோசமானவை என்று பெற்றோர் கருதியதால் அவற்றுக்குப் பூஜ்யத்துக்கும் கீழான மதிப்பு கிடைத்தது. இதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மற்றொரு குழு, அப்பகுதியில் 1977 முதல் 1982 வரை 1,000 கிராமுக்கும் குறைவாகப் பிறந்து பிழைத்தவர்கள் பதின்வயதை எட்டியபோது அவர்களையே தேடிச் சென்று கேட்டது. உடற்குறைகள் அவர்களிடம் மற்றவர்களைக் காட்டிலும் அதிகம் இருந்தபோதிலும், தங்கள் வாழ்வின் தரத்தை அவர்களில் பெரும்பான்மையோர் உயர்வாகவே மதித்தனர். 1999-இல் வெளிவந்த தொடர் ஆய்வில், கடும் ஊனத்துடன் கூடிய நிலைகளைப் பச்சிளங்குழந்தைப் பிரிவின் மருத்துவர்களும் செவிலியரும் தாழ்வாக மதித்ததும், பெற்றோரும் அந்தப் பதின்வயதினரும் அவற்றுக்கு அவர்களைவிட உயர்ந்த மதிப்பை அளித்ததும் வெளிப்பட்டன. பொதுப்பணம் செலவாகும் இடத்தில் பொதுமக்களின் மதிப்பே செல்ல வேண்டும் என்று பொருளியலாளர்கள் சொல்லும் வாதத்துக்கு வலு உண்டு; ஆயினும் ஒரு நிலையை வாழ்ந்து அறியாதவரின் அச்சம் அந்நிலையில் வாழ்பவரின் உயிருக்கு விலை வைக்கும் இடத்தில், பொதுமக்களின் மதிப்பு என்ற பெயருக்காக அந்த அச்சத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது சரியாகாது.

குழந்தைகளுக்கென்றே அளவைகளை உருவாக்கும் முயற்சிகளும் நடந்தன. மக்மாஸ்டரில் குழந்தைப் பருவப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைக் கருத்தில் கொண்டு உருவான அளவை ஒன்று, புலனுணர்வு, நடமாட்டம், மனநிலை, அறிவுத்திறன், தன் வேலையைத் தானே செய்துகொள்ளுதல், வலி, பிற்காலத்தில் மகப்பேறு பெறும் ஆற்றல் ஆகிய ஏழு கூறுகளைக் கொண்டது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஒன்பது கூறு அளவை வேறு வழியில் சென்றது: 7 முதல் 11 வயது வரையிலான சிறுவர்களிடமே உரையாடி, உடல்நலக் குறைவு அவர்கள் வாழ்வில் எதைத் தொடுகிறது என்று கேட்டறிந்து, கவலை, சோகம், வலி, சோர்வு, எரிச்சல், பள்ளிப்பாடம், தூக்கம், அன்றாடச் செயல்கள், பிறரோடு சேர்ந்து விளையாடுதல் ஆகியவற்றை அவர்களின் சொற்களிலேயே கூறுகளாக்கியது. எரிச்சலும் பள்ளிப்பாடமும் பெரியவர்கள் தாமாக வகுக்கும் ஒரு பட்டியலில் இடம்பெற்றிருக்குமா என்பது ஐயமே.

ஆனால் கூறுகளைச் சொன்னவர்கள் குழந்தைகளாக இருந்தாலும், அவற்றுக்கு எண் மதிப்பை அளிப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே. ஒரு நோய்நிலையில் பத்தாண்டு வாழ்வதா, அதைவிடக் குறைந்த காலம் முழு நலத்துடன் வாழ்வதா என்று கேட்டு, எவ்வளவு ஆயுளை விட்டுக்கொடுக்க ஒருவர் முன்வருகிறார் என்பதிலிருந்து அந்நிலையின் மதிப்பைப் பெறும் முறையைச் சிறுவர்களிடம் கையாள்வது அறநெறி நோக்கிலும் இடர்ப்பாடானது. அதனால், பரவலாகப் பயன்படும் ஐந்து கூறு அளவையின் சிறார் வடிவத்துக்கு 2020-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு நடைமுறை, பெரியவர்களை 10 வயதுக் குழந்தை ஒன்றை மனத்தில் நிறுத்தி விடையளிக்கச் சொல்கிறது. இதன் விளைவு எதிர்பாராதது. தமக்கென்றால் வலியிலிருந்து விடுபடச் சில ஆண்டுகளை விட்டுக்கொடுக்க முன்வரும் பெரியவர்கள், ஒரு குழந்தையின் ஆயுளில் சிறிதும் குறைக்கத் தயங்குகிறார்கள். விட்டுக்கொடுத்த ஆயுள் குறைவு என்றால் அந்த நோய்நிலையின் மதிப்பு உயர்வு என்று முறை பொருள்கொள்வதால், ஒரே அளவு வலி பெரியவரிடம் இருப்பதைவிடக் குழந்தையிடம் இருக்கும்போது இலேசானதாகப் பதிவாகிறது. அதை நீக்கும் சிகிச்சையின் பயனும் சுருங்குகிறது. குழந்தையின் மீதுள்ள பரிவே கணக்கில் குழந்தைக்கு எதிராகத் திரும்பும் இந்த முரணுக்கு இன்னும் நிறைவான தீர்வு கிடைக்கவில்லை. பேசத் தொடங்காத கைக்குழந்தைகளின் நிலையோ இதனினும் பின்தங்கியது. அங்கே தாயோ செவிலியரோ சொல்வதே சான்று.

அளவையைவிட அமைதியாக வேலை செய்வது கழிவு வீதம். இன்று கிடைக்கும் நன்மை நாளைக் கிடைப்பதைவிட மேலானது என்ற கொள்கையின்படி, எதிர்காலச் செலவையும் பயனையும் ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டால் குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவதே கழிவு. ஆண்டுக்கு 3.5 விழுக்காடு என்று வைத்தால், எழுபது ஆண்டுகளுக்குப் பின் முழு நலத்துடன் வாழும் ஓர் ஆண்டு இன்றைய கணக்கில் 0.09 ஆண்டாகத் தேய்கிறது. பிறந்த குழந்தை ஒன்று வாழப்போகும் 80 ஆண்டுகள் இவ்வீதத்தில் ஏறத்தாழ 27 ஆண்டுகளாகவும், 5 விழுக்காட்டில் 20-க்கும் குறைவாகவும், 1.5 விழுக்காட்டில் 46-ஆகவும் மாறுகின்றன. அறுபது வயதினர் ஒருவருக்கு எஞ்சிய 20 ஆண்டுகளோ 3.5 விழுக்காட்டில் 14 ஆண்டுகளுக்குச் சற்று மேலாக நிற்கின்றன. காலண்டரில் நான்கு மடங்காக இருந்த வேறுபாடு கணக்கேட்டில் இரு மடங்குக்கும் கீழே இறங்குகிறது. மேற்கூறிய ஹாமில்டன் ஆய்விலேயே, 1,000 கிராமுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான சிகிச்சை கழிவு இல்லாத கணக்கில் சமுதாயத்துக்கு நிகர ஆதாயமாகவும், 5 விழுக்காட்டுக் கழிவில் நிகர இழப்பாகவும் தோன்றியது. பிழைத்தவர்களின் எண்ணிக்கையோ மருத்துவச் செலவோ இந்த இரண்டு விடைகளுக்கும் இடையில் மாறவில்லை.

கழிவே கூடாது என்று சொல்லிவிடுவது எளிது. பணத்தைக் கழித்து நலத்தைக் கழிக்காமல் விட்டால், எந்தத் திட்டத்தையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவதே மேல் என்ற அபத்தமான விடையும் வந்து சேரும். எனவே விவாதம் வீதத்தின் அளவைப் பற்றியது. எலும்புப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட சிறார்களுக்கும் இளைஞர்களுக்குமான மைஃபாமுர்டைட் என்ற மருந்தை ஆராய்ந்தபோது நைஸ் அமைப்பு இச்சிக்கலை நேரடியாகச் சந்தித்தது: செலவு சிகிச்சைக் காலத்திலேயே முடிந்துவிடுகிறது, பயனோ குணமானவரின் வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. இறந்திருக்கக்கூடிய ஒருவரை முழு நலத்துக்கு அருகில் மீட்டு, அந்நலம் பல பத்தாண்டுகள் நிலைக்கும் என்று உறுதியாகத் தெரியும் இடங்களில் 1.5 விழுக்காட்டைக் கருதலாம் என்று 2011-இல் விதி தளர்த்தப்பட்டது. அவ்வாண்டே அம்மருந்து ஏற்கப்பட்டது.

தடுப்பூசிகளில் இதே சிக்கல் பொதுமக்களின் கோபமாக வெடித்தது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் பி நுண்ணுயிருக்கு எதிரான தடுப்பூசியை, மிகக் குறைந்த விலையில்கூடச் செலவுக்குத் தகாதது என்று பிரிட்டனின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2013-இல் இடைக்கால முடிவாக அறிவித்தது. பெற்றோர் அமைப்புகளும் மருத்துவர்களும் எழுப்பிய வினாக்களுக்குப் பின், நோயின் நீண்டகால விளைவுகளும் குடும்பத்தினர் அடையும் பாதிப்பும் விரிவாகச் சேர்க்கப்பட்ட கணக்கில் விடை மாறி, விலை குறைந்தால் ஏற்கலாம் என்று 2014-இல் பரிந்துரைக்கப்பட்டது. 2015 செப்டம்பரில் கைக்குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். மூத்த குழந்தைகளுக்கும் அதை நீட்டிக்கக் கோரி 2016-இல் நாடாளுமன்றத்துக்குச் சென்ற மனுவில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டும் அரசு இணங்கவில்லை. உணர்ச்சிக்கு இடம் கொடுக்கவில்லை என்று குழுவைப் பாராட்டுவோரும் உண்டு. 2013-க்கும் 2014-க்கும் இடையில் மாறியவற்றில் பெரும்பகுதி கணக்கின் எல்லைக்கோடுகளே என்பதை அவர்கள் பொதுவாகக் குறிப்பிடுவதில்லை.

எல்லைக்கோடு என்பது யாருடைய நன்மை தீமைகளைக் கணக்கில் சேர்ப்பது என்ற வினா. நோயுற்ற குழந்தையைக் கவனிக்கத் தாய் வேலையை விடுவதும், உடன்பிறந்தோரின் படிப்பு தடைப்படுவதும் மருத்துவமனையின் கணக்கில் தோன்றா. மறுபுறம், குழந்தைக்குப் போடும் ஊசி முதியவரைக் காப்பதும் உண்டு. அமெரிக்காவில் 2000-இல் கைக்குழந்தைகளுக்கு நியூமோகாக்கஸ் என்ற நுண்ணுயிருக்கு எதிரான தடுப்பூசி அறிமுகமானபோது அது விலையுயர்ந்த முயற்சியாகவே கருதப்பட்டது. பின்னர் ஊசி போடாத முதியோரிடமும் அந்நுண்ணுயிரால் வரும் நோய் குறைந்தது தெரியவந்து, அந்தப் பயனையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஒரு வாழ்வாண்டுக்கான செலவு பல மடங்கு சரிந்தது.

எல்லையை இன்னும் விரித்தால் கல்வியும் வருவாயும் உள்ளே வருகின்றன. கென்யாவின் புசியா பகுதியில் 75 பள்ளிகளைக் கொண்டு 1998-இல் தொடங்கிய குடற்புழு நீக்க ஆய்வு, சிறுவர்கள் பள்ளிக்கு வருவது கூடியதையும், மாத்திரை பெறாதவர்களிடமும் புழுத்தொற்று குறைந்ததையும் காட்டியது. புள்ளிவிவரங்களை மீண்டும் ஆராய்ந்தோர் பிழைகளைச் சுட்டியதும், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ மதிப்பாய்வுகள் எடையிலும் பள்ளி வருகையிலும் பெரிய மாற்றத்தைக் காணாததும் நீண்ட பூசலை உண்டாக்கின. இருபது ஆண்டுகள் கழித்து அதே சிறுவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, கூடுதல் ஆண்டுகள் மாத்திரை பெற்றவர்களின் மணிநேர வருவாய் 13 விழுக்காடு அதிகம் என்று 2021-இல் அறிவித்தது. அமெரிக்காவின் 133 அரசுக் கொள்கை மாற்றங்களை ஒரே முறையில் ஒப்பிட்ட 2020-ஆம் ஆண்டு ஆய்வொன்றிலும், ஏழைக் குழந்தைகளின் உடல்நலத்துக்கும் கல்விக்கும் செய்த செலவுகளே மிகுந்த பயன் தந்தவை. அவற்றுள் பல, பின்னாளில் அவர்கள் செலுத்திய வரியாலேயே தம் செலவை ஈடுகட்டின. குழந்தை நலத்துக்காக வாதாடுவோர் இத்தகைய முடிவுகளை விரும்பி மேற்கோள் காட்டுகிறார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நாளைய வருவாயைக் காட்டி இன்றைய சிகிச்சைக்கு நியாயம் தேடினால், வேலைக்குச் செல்லும் வாய்ப்பே இல்லாத, கடும் மூளைவளர்ச்சிக் குறையுள்ள குழந்தை அந்த நியாயத்துக்கு வெளியே நின்றுவிடும். உலக வங்கியின் 1993-ஆம் ஆண்டு அறிக்கை அறிமுகப்படுத்திய நோய்ச்சுமை அளவில், உழைக்கும் வயதினரின் ஆண்டுக்குக் கூடுதல் எடையும் குழந்தையின் ஆண்டுக்குக் குறைந்த எடையும் தரப்பட்டதும் இதே சிந்தனையின் விளைவுதான். கடும் கண்டனத்துக்குப் பிறகு, 2010-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய நோய்ச்சுமைக் கணிப்பில் அந்த எடையும் கழிவும் ஒருசேரக் கைவிடப்பட்டன.

சான்றுகளின் பற்றாக்குறை இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. குழந்தைகளைக் கொண்டு நடத்தும் மருத்துவச் சோதனைகள் குறைவு; நடப்பவையும் சிறியவை, குறுகியவை. டொரண்டோவின் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனை 1980 முதல் வெளிவந்த குழந்தைநலப் பொருளியல் மதிப்பீடுகளைத் திரட்டி ஒரு தரவுத்தளமாகப் பேணிவருவதும் இந்தக் குறையை உணர்ந்துதான். முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கான சோல்ஜென்ஸ்மா என்ற மரபணுச் சிகிச்சையின் கதை இங்கு விரிவாகப் பார்க்கத்தக்கது. இந்நோயின் கடும் வகையில் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் இறந்தோ, நிரந்தரமாகச் செயற்கைச் சுவாசத்தைச் சார்ந்தோ போய்விடுகிறார்கள். 2017-இல் வெளிவந்த முதற்கட்டச் சோதனையில் பங்குபெற்றவர்கள் 15 குழந்தைகள் மட்டுமே. 20 மாத வயதில் அனைவரும் செயற்கைச் சுவாசம் இன்றி உயிரோடிருந்தனர், முந்தைய பதிவுகளிலோ அப்படிப் பிழைத்தவர்கள் 8 விழுக்காட்டினர். 2019 மே மாதத்தில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது ஒருமுறை செலுத்தும் அந்த மருந்துக்கு வைக்கப்பட்ட விலை 21.25 லட்சம் டாலர். பயன் மறுக்க முடியாதது. ஆனால் அது பத்தாண்டு நிற்குமா, ஐம்பதாண்டு நிற்குமா என்பதைக் குறுகிய காலச் சான்றிலிருந்து ஊகித்தே குவாலி கணக்கிட வேண்டியிருந்தது. அரிய நோய்களுக்கான சிகிச்சைகளில் ஒரு குவாலிக்கு 1,00,000 பவுண்டு வரையும், நன்மை மிகப் பெரிதாயின் 3,00,000 பவுண்டு வரையும் அனுமதிக்கும் விதியை நைஸ் 2017-இலேயே வகுத்திருந்தது. வாழ்நாள் முழுவதும் நீளும் நன்மைக்குக் கூடுதல் எடை தருவதால் இவ்விதி இயல்பாகவே குழந்தைகளுக்குச் சாதகமானது. கழிவு ஒரு கையால் எடுத்ததை இது மறு கையால் திருப்பித் தருகிறது என்றும் சொல்லலாம். அப்படித் திருத்தங்களின் மேல் திருத்தங்களை அடுக்குவதைவிட, அடிப்படை வீதத்தையே மறுபடி ஆராய்வது நேர்மையான வழியாக இருக்கும்.

இந்தியாவில் இத்துறையின் பயன் தடுப்பூசிகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு எதிராக உள்நாட்டிலேயே உருவான ரோட்டாவாக் சொட்டுமருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 கைக்குழந்தைகளிடம் சோதித்தபோது, ரோட்டா வைரஸால் வரும் கடும் வயிற்றுப்போக்கை அது தடுத்த அளவு சுமார் 55 விழுக்காடு. பணக்கார நாடுகளில் இத்தகைய மருந்துகள் காட்டிய திறனோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆனால் நோயால் இறக்கும் குழந்தைகள் மிகுதியாக உள்ள நாட்டில், பாதியளவு திறனுள்ள மருந்தும், இறப்பே அரிதான நாட்டில் முழுத் திறனுள்ள மருந்து காப்பதைவிடப் பன்மடங்கு உயிர்களைக் காக்கும்; டோஸ் ஒன்று ஏறத்தாழ 1 டாலர் என்ற விலையும் சேர்ந்தபோது முடிவில் ஐயத்துக்கு இடமில்லை. 2016-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2017-இல் தமிழ்நாட்டுக்கும் ரோட்டா தடுப்பு மருந்து விரிந்தது. திறன் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து மருந்தைத் தள்ளிவிடாமல் இருக்க மதிப்பீட்டு முறை உதவும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

அரிய நோய்களில் நிலைமை நேர்மாறு. 2021-இல் வெளியான தேசிய அரிய நோய்க் கொள்கை 2022-இல் திருத்தப்பட்டு, ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி அளிக்க வழி செய்கிறது. சோல்ஜென்ஸ்மாவின் விலையோ ஏறத்தாழ 16 கோடி ரூபாய். இடைவெளியை நிரப்பப் பெற்றோர் பொதுமக்களிடம் கையேந்திய நிகழ்வுகளைத் தமிழ்நாடும் பிற மாநிலங்களும் கண்டிருக்கின்றன. எந்தக் குழந்தையின் படம் சமூக ஊடகத்தில் பரவுகிறதோ அதற்குச் சிகிச்சை என்ற நிலையில், முறையான மதிப்பீடு இரக்கமற்றது என்ற குற்றச்சாட்டு நிற்காது. எனினும் அம்மதிப்பீட்டைச் செய்ய இங்குள்ள கருவிகளும் முழுமை பெறவில்லை. இந்தியர்களின் விருப்பங்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட வாழ்க்கைத்தர மதிப்பெண்கள் ஐந்து மாநிலங்களில் வயது வந்தோரிடம் பெற்றவை; அவற்றைக் கைக்குழந்தைக்குப் பொருத்தினால் ஹாமில்டனில் எழுந்த அதே வினா மீண்டும் எழும்.

மேலும், விலையை மட்டும் பேசும் விவாதத்தில் மறைந்துபோகும் ஒன்று உண்டு. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோயில் சிதைந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை என்பதால், அறிகுறி தோன்றும் முன்பே மருந்து பெறும் குழந்தைக்கும் பின்னர் பெறும் குழந்தைக்கும் கிடைக்கும் பயன் வெகுவாக வேறுபடுகிறது. 1960-களில் ராபர்ட் கத்ரி வடிவமைத்த முறையில், குதிகாலில் எடுத்த சில துளி இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோயைப் பிறந்தவுடன் கண்டறிந்து உணவுமுறையாலேயே மூளைச் சிதைவைத் தடுக்க முடிந்தது. அந்தத் தாள்முறையிலேயே தசைச் சிதைவு நோயையும் கண்டறியலாம் என்று அமெரிக்கா 2018-இல் அதைப் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. ஆகையால் மதிப்பிட வேண்டிய தொழில்நுட்பம் மருந்து மட்டுமன்று. பிறந்த எல்லாக் குழந்தைகளுக்குமான பரிசோதனையும், நோய் உறுதியான சிலருக்கான மருந்தும் சேர்ந்த தொகுப்பே அது. பரிசோதனை இல்லாமல் மருந்தை மட்டும் கணக்கிட்டால் அதன் பயன் குறைவாகத் தெரியும். மருந்துக்கு வழியில்லாமல் பரிசோதனையை மட்டும் கணக்கிட்டால், பெற்றோருக்குத் தீராத் துயரத்தை முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடாக அது முடியும். எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் இத்தகைய பரிசோதனையை நாடு முழுவதும் நடத்தும் திட்டம் இல்லாத இந்தியாவில், 50 லட்சமா 16 கோடியா என்ற வாதத்துக்கு முன்னால் ஆராயப்பட வேண்டியது அந்தத் தொகுப்பின் செலவும் பயனுமே.